கூட வந்தவள் விட்டது

அத்தியாயம் 9

போன வாரம் நிர்மலாவைக் கம்பெனி பஸ்ஸில் பவளத்துக்குப் பக்கத்து சீட்டில் விட்டுவிட்டு வந்தோம். எனக்கே மனசு கேட்கவில்லை. பவளம் நல்லவள்தான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஒரே லைனில் வேலை பார்ப்பவள். வாயில் மட்டும் எதுவும் நிற்காது.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. செவ்வாக்கெழமை சாயந்தரம் எங்க அக்கா வீட்டுக்குப் போனேனா, அத்திப்பள்ளியில அண்ணே வண்டி நிக்கிது. சைடுல காவியான்னு எழுதியிருக்குமே, அந்த வண்டிதேன். ஆளத்தான் காணோம்."

சொல்லிவிட்டு அவள் சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நிர்மலாவுக்கு அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

அத்திப்பள்ளி என்றால் ஓசூர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கர்நாடகா. தாண்டிய கையோடு வருவது அத்திப்பள்ளி. அங்கே வரிசையாக ஒயின் ஷாப். இந்தப் பக்கத்து ஆம்பளைகள் வேலை முடிந்து எல்லை தாண்டிப் போவது கீரைக்கட்டு வாங்க அல்ல.

அதுவும் செவ்வாய்க்கிழமை அவள் புருஷன் பாலாஜி வீட்டுக்கு வந்தது ஏழு மணிக்கு. கேட்டதற்கு, "ஓட்டி" என்றான். ஷிப்ட் முடிந்தும் ஓவர்டைம் பார்த்தானாம். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கக் கூடாது. அதுதான் அவள் செய்துகொடுத்த சத்தியம்.

அந்த சத்தியத்தின் கதையை ஒருமுறை ஞாபகப்படுத்திவிடுகிறேன்.

சானமாவு காட்டோரத்தில் ஒரு முனியப்பன் கோயில். குடியை விட நினைப்பவர்கள் அமாவாசைக்கு அங்கே போய்க் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஆடி அமாவாசைக்கு நிர்மலா பாலாஜியைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். யானை இறங்கியிருக்கிறது என்று தகவல் வந்ததால் பூசாரி அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்தார். பாலாஜியின் வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு ஏறியது. போகலாம் என்று நிர்மலா எழுந்தாள்.

"நீ எங்கம்மா எந்திரிக்கற? கூட வந்தவங்களும் ஒண்ண விடணும். இங்க அதான் வழக்கம். அவன் மட்டும் விட்டா நிக்காது."

அந்தக் கோயிலில் அது பழைய வழக்கம். கூட வந்த பெண்கள் வெற்றிலையை விடுவார்கள், டீயை விடுவார்கள், சீரியலை விட்டவர்களும் உண்டு. நிர்மலா காப்பியை விடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் பாலாஜி முந்திக்கொண்டான்.

"சாமி, இவ சந்தேகத்த விடட்டும்."

பூசாரி கயிற்றைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இத்தன வருசத்துல இத ஒருத்தரும் விட்டதில்லப்பா. என்னம்மா, முடியுமா?"

சுற்றிலும் ஜனங்கள் பார்க்கிறார்கள். முடியாது என்று சொல்ல முடியுமா? மஞ்சள் தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டு, விட்டேன் என்று சொன்னாள்.

"ஞாபகம் வெச்சுக்கங்க. ரெண்டும் ஒரே முடிச்சு. உன்னுது அவுந்தா அவனுதும் அவுந்துரும்" என்று சொல்லித்தான் பூசாரி அனுப்பினார். வரும் வழியில் பாலாஜியும் அதையே வேறு மாதிரி சொன்னான். "நீ என்னை மோந்து பாக்காத வரைக்கும் நான் தொட மாட்டேன். நீ ஆரம்பிச்சா, அப்பறம் என்னைக் கேக்காத."

காப்பியை விட்டிருந்தால் தலைவலியோடு போயிருக்கும். இது லேசுப்பட்ட காரியமா? பதினேழு வருஷமாகப் புருஷன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே எத்தனை ரவுண்டு என்று சொல்லிவிடக்கூடியவள். அந்த மூக்கையும் காதையும் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? அவன் போனைத் தொடுவதில்லை. அவன் நண்பர்களுக்கு போன் போடுவதில்லை. சட்டைப் பையில் கை விடுவதில்லை. பை பார்க்காமல் மெஷினில் போட்டுப்போட்டு அவனுடைய ஐடி கார்டு இரண்டு தடவை துவைபட்டுவிட்டது. இப்போது அதில் இருக்கும் முகம் யாருடையது என்றே தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் விடியுமுன் எழுந்து மூன்று டிபன் கட்ட வேண்டும். ப்ளஸ் டூ படிக்கிற மகள் காவியாவை எழுப்ப வேண்டும், பிறகு மறுபடியும் எழுப்ப வேண்டும். கம்பெனியில் லைன் லீடர் என்று பெயர், டார்கெட் போகாவிட்டால் திட்டு வாங்குவதற்கு ஒரு ஆள் என்று அர்த்தம். இதையெல்லாம் ஓட்டிக்கொண்டு, மனசையும் கட்டிப்போட வேண்டும் என்றால் எப்படி? ஆனாலும் கட்டித்தான் போட்டிருந்தாள். பவளம் வாயைத் திறக்கும் வரை.

வியாழக்கிழமை காலை. பாலாஜி முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான். அவன் வேலை செய்வது சிப்காட்டில், வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்யும் கம்பெனியில். பிரஸ் மெஷின் ஆபரேட்டர். இத்தனை வருஷம் கான்ட்ராக்டில் இருந்தவனுக்கு அடுத்த மாசம் பெர்மனென்ட் ஆகிறது என்று பேச்சு. வீட்டில் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லக்கூட யாருக்கும் தைரியம் இல்லை, கண் பட்டுவிடும் என்று.

நிர்மலா அழுக்குத் துணியை வாரிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றாள். முந்தின நாள் போட்ட யூனிபார்ம் சட்டை மேலே கிடந்தது. பையில் கை விடக் கூடாது. சரி. ஆனால் துணியை உதறலாம் இல்லையா? உலகத்தில் எல்லோரும்தான் உதறுகிறார்கள். உதறுவது எப்படி சோதனை ஆகும்?

உதறினாள். கறுப்பாக ஒன்று கீழே விழுந்தது.

கயிறு. சானமாவுக் கயிறு. அறுந்து போகவில்லை, நைந்து போகவில்லை. கத்திரியால் வெட்டியிருந்தது.

 ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக வீட்டுக்குள்ளேயே முழுக்கை பனியன் போட்டுக்கொண்டு திரிகிறான். குளிருது என்றான். ஓசூர் குளிர் அவனுக்குப் புதுசா? சாப்பிடும்போதுகூடக் கையை மடித்துவிடவில்லை. அவள்தான் பார்க்கக் கூடாது என்று கண்ணைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். தன்னைப் போல ஒரு மடச்சி உண்டா என்று நினைத்தாள். பார்க்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, பார்க்காத இடத்தில் எல்லாம் நடத்தியிருக்கிறான்!

போனை எடுத்தாள்.

கண்ணாடி முன்னால் சடை பின்னிக்கொண்டிருந்த காவியா திரும்பினாள். "யாருக்கும்மா?"

"உன் வேலையப் பாரு."

"அப்பா கம்பெனிக்கா? வேணாம்மா. சாமிகிட்ட சொல்லிருக்க இல்ல."

"சாமிகிட்ட அவரும்தான் சொன்னாரு" என்று கயிற்றைக் காட்டினாள்.

காவியா கயிற்றையே பார்த்தாள். "அப்பாவக் கேளும்மா. வந்ததும் கேளு. எனக்குத் தெரிஞ்சு அப்பா குடிக்கல."

"உனக்கு என்னடி தெரியும்?" என்றாள் நிர்மலா. அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

எடுத்தது ராஜ்குமார். பாலாஜியின் ஷிப்ட் சூப்பர்வைசர். நிர்மலாவுக்குச் சாமல்பட்டி, அவருக்கும் அதே ஊர். அந்த உரிமையில் நம்பர் இருந்தது.

"அண்ணா, நிர்மலா பேசறேன். அவரு செவ்வாக்கெழம ஓட்டி பாத்தாராண்ணா?"

"ஓட்டியா? யாரும்மா குடுத்தா? இந்த மாசம் எங்க ஷாப்ல ஒருத்தருக்கும் ஓட்டி கெடையாதே."

அதுவரைக்கும் ஒரு நூலிழை நம்பிக்கை இருந்தது. அதுவும் போயிற்று. அப்புறம் அவளுக்கு என்ன பேசினோம் என்றே சரியாக ஞாபகம் இல்லை. மறுபடியும் ஆரம்பிச்சிட்டாருண்ணா என்று சொன்னாள். அத்திப்பள்ளியைச் சொன்னாள். மெஷின்ல கை வெக்கற ஆளு, ஏதாவது ஆயிட்டா நான் என்னண்ணா பண்ணுவேன் என்று அழுதாள். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க என்றும் சொன்னாள்.

ராஜ்குமார் குரலைத் தாழ்த்தினார். "சொன்னது நல்லதாப் போச்சும்மா. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்தபோது பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. காவியா பாதிச் சடையோடு பையை மாட்டிக்கொண்டு, டிபனை எடுக்காமல் போய்விட்டாள்.

நிர்மலாவின் கம்பெனியில் வண்டிகளுக்கு ஒயரிங் செட் தயாரிக்கிறார்கள். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அன்றைக்கு அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதே கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. பாத்துக்கறேன் என்றால் என்ன அர்த்தம்? கூப்பிட்டு நாலு வார்த்தை புத்தி சொல்வாரா? இல்லை, மேலே சொல்லிவிடுவாரா? பெர்மனென்ட் பேப்பர் போகிற நேரம். கடவுளே, பேசும்போது அது ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை?

லைன் ஓடியது. மனசு அத்திப்பள்ளியில் நின்றது. மேஜையில் அவன் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் கடலைத் தட்டு. எதிரே யார்? அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் உயிர்ச் சிநேகிதன் சுபாஷா? இல்லை, வேறு யாராவதா? ஒரு பொம்பளையாக இருந்தால்? கன்னடத்துப் பொம்பளை ஒருத்தி அவள் கற்பனையில் வந்து உட்கார்ந்து, பாலாஜியைப் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். சந்தேகத்தைத் திறந்துவிட்டால் அது எங்கே போய் நிற்கும்?

"அக்கா, ஒயர் மாறிக் கெடக்கு" என்று பவளம் தோளைத் தட்டினாள். இரண்டு செட் திரும்பி வந்திருந்தது. சரிபார்த்ததாகப் போட்டிருந்த கையெழுத்து நிர்மலாவுடையது.

அன்றைக்கென்று ஒரு புதுப் பெண் வேறு. தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த காவேரி, முதல் நாள். கையில் சிவப்புக் கயிறு. லைனில் கயிறு, வளையல், மோதிரம் எதற்கும் இடமில்லை. மெஷினில் சிக்கினால் விரல் போய்விடும்.

"குலதெய்வத்துக் கயிறுக்கா" என்று அந்தப் பெண் கண் கலங்கினாள்.

"சாமி கோச்சுக்காது கண்ணு. இந்த லைனுக்கு வந்தப்ப எங்க எல்லாருதும் இப்பிடித்தான் போச்சு" என்று நிர்மலா மேஜை மேலிருந்த கத்திரியை எடுத்து வெட்டி, கயிற்றை ஒரு கவரில் போட்டு அவளிடமே கொடுத்தாள். "பையில பத்திரமா வெச்சுக்கோ." கொடுத்துவிட்டு, திரும்பி வந்த செட்டுகளைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்து ராஜ்குமாருக்கு போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. பாலாஜியின் போன் ஸ்விட்ச் ஆப். தயிர் சாதத்தைத் தொடாமல் டப்பாவை மூடி வைத்தாள்.

சாயங்காலம் மூக்கண்டப்பள்ளியில் பஸ் இறங்கி, வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போதே வண்டி வாசலில் நிற்பது தெரிந்தது. அப்படியானால் அவன் வீட்டில்தான் இருக்கிறான். அவள் நடையை எட்டிப் போட்டாள்.

உள்ளே பாலாஜி யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காவியா வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. நிர்மலாவின் மூக்கு அவளைக் கேட்காமலே வேலை செய்தது. ஆயில் வாசனை. வேர்வை வாசனை. வேறு ஒன்றும் இல்லை.

"ஏங்க, ஏன் இப்பிடி உக்காந்திருக்கீங்க?"

அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. குடித்த சிவப்பு அவளுக்குத் தெரியும், இது அது இல்லை.

"லைனை நிறுத்திட்டு செக்யூரிட்டிய அனுப்புனாங்க நிர்மலா. ஓடற மெஷின்லேருந்து என்னை எறக்கி, எல்லாரும் பாக்க மெயின் கேட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. திருடன கூட்டிட்டுப் போற மாதிரி. குடிச்சிருந்தா காட்டற மிஷின குடுத்து ஊதச் சொன்னாங்க. ஊதுனேன். ஒண்ணும் இல்ல. மறுபடி ஊது. ஒண்ணும் இல்ல. எச்ஆர் வந்து நின்னுட்டு, எம்முன்னாடி ஊதுங்கறான். அப்பவும் ஒண்ணும் இல்ல."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? கம்ப்ளைன்ட் வந்திருக்கு, விசாரிக்கணும், வீட்டுக்குப் போன்னுட்டாங்க. பெர்மனென்ட் பேப்பர ஓரமா எடுத்து வெச்சுட்டாங்க." குரல் உடைந்தது. "எவனோ போன் பண்ணிருக்கான். நான் குடிச்சிட்டு மிஷின் ஓட்டறேன்னு."

காவியா சமையலறை வாசலில் வந்து நின்றாள். நிர்மலா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பாலாஜி சட்டைக் கையை மேலே ஏற்றினான். மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. "உங்கிட்ட மறைச்சிட்டேன். ரெண்டு வாரம் முன்னாடி புதுசா ஒரு சேப்டி ஆபீசர் வந்தாரு. பிரஸ்ல கயிறு கூடாதுன்னு கத்திரிய வெச்சு வெட்டிட்டாரு. அத வீசவும் மனசு வரல. பையிலயே வெச்சுட்டுத் திரிஞ்சேன்."

காலையில் காவேரியின் கையைப் பிடித்துக்கொண்டு தான் என்ன செய்தோம் என்பது நிர்மலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்புவியா?"

அவள் அவன் மணிக்கட்டில் வெளுத்திருந்த இடத்தைத் தொட்டாள்.

"கயிறு போனதும் எல்லாமே போச்சுன்னு தோணுச்சு நிர்மலா. அன்னிக்கு நேரா கடைக்குத்தான் போனேன். சுபாஷ் பின்னாடியே வந்து வண்டி சாவியப் புடுங்கிட்டான். அத்திப்பள்ளியில ஒரு ஹால் இருக்கு, குடிய விட்டவங்க கூடுற எடம். அங்க கூட்டிட்டுப் போனான். செவ்வாயும் வெள்ளியும் கூடுவாங்க. கன்னடம், தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்து பேசுவாங்க. நம்ம பக்கம் போனா தெரிஞ்சவன் எவனாச்சும் பாப்பான்னு எல்ல தாண்டிப் போனேன். ஓட்டின்னு உங்கிட்ட பொய் சொன்னேன். அது தப்புதான்."

நிர்மலா அழுதாள். கை எடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அவன் கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது.

"அந்தக் கயிறு எதுக்குன்னு ஒருத்தனுக்குத்தான் தெரியும். அத்திப்பள்ளி போறதும் ஒருத்தனுக்குத்தான் தெரியும்" என்றான் மெதுவாக. "அவனும் கான்ட்ராக்டு. பெர்மனென்ட் எடம் ஒண்ணுதான்னு பேச்சு."

"யாரச் சொல்றீங்க?"

"சுபாஷத்தான்."

"ஐயோ, சுபாஷ் அண்ணன் அப்பிடி..."

"வேற யாரு? நீ சொல்லு. நீ யாருக்காச்சும் போன் பண்ணியா?"

இவ்வளவுதான் கேள்வி. ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் பூசாரி சொன்னது அவள் காதில் கேட்டது. உன்னுது அவுந்தா அவனுதும் அவுந்துரும். கயிறே இல்லாமல் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தவன் இன்றைக்கு இந்த அவமானத்தோடு உட்கார்ந்திருக்கிறான். இப்போது போய் நான்தான் என்றால், இந்த நிமிஷமே எழுந்து போய்க் குடிப்பான்.

"இல்லங்க" என்றாள்.

பாலாஜி எழுந்தான். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தான். "சட்டையப் புடிச்சு நாலு பேர் முன்னாடி கேட்டாத்தான் எனக்கு ஆறும். என்னை நிக்க வெச்ச மாதிரி அவனும் நிக்கட்டும்."

"சாப்ட்டுட்டுப் போங்க" என்று அவள் சொன்னது அவளுக்கே அபத்தமாக இருந்தது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினான்.

காவியா அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். "வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆவல. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

பெற்ற பெண் அப்படிப் பார்த்து நிர்மலா பார்த்ததில்லை. திட்டவாவது வாய் திறந்தால் தேவலை என்று இருந்தது. பாலாஜி வண்டியைத் திருப்புவது ஜன்னலில் தெரிந்தது. வெறுங்காலோடு ஓடினாள்.

"ஏங்க! நில்லுங்க!"

அவன் காலை ஊன்றி நின்றான். எதிர் வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும்.

"சுபாஷ் அண்ணன ஒண்ணும் கேக்காதீங்க. நான்தான். காலைல நான்தான் ராஜ்குமார் அண்ணனுக்குப் பேசுனேன். சட்டையில கயித்தப் பாத்துட்டு... நான்தாங்க."

பாலாஜி அவளைப் பார்த்தான். கோபப்படவில்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். களைத்துப் போனவன் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

"வீட்டுக்குள்ள வாங்க. கால்ல வேணா விழறேன். வாங்க."

வண்டி நகர்ந்தது. தெரு முனையில் இடது பக்கம் திரும்பினால் சுபாஷ் வீடு. வலது பக்கம் ஹைவே. பாலாஜி முனையில் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பிப் பார்ப்பான் என்று நிர்மலா காத்திருந்தாள். வண்டி வலது பக்கம் திரும்பி, ஜூஜூவாடி பார்க்கப் போய்விட்டது.

"அந்த ஹாலுக்குத்தான் போறாரு" என்றாள் நிர்மலா. பின்னாலேயே வந்து நின்ற மகளிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொன்னாளா தெரியாது. "வேற எங்கயும் போவ மாட்டாரு. அங்கதான் போறாரு. நான் நம்பறேன்."

காவியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வியாழக்கெழமைம்மா. ஹால் பூட்டியிருக்கும்."